பாளை வழி

உடன்குடிப் பக்கம் மாசி பிறந்துவிட்டால் பனையேறிகளுக்குக் கிழக்கு வெளுக்கும் முன்பே வேலை தொடங்கிவிடும். முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து அதில் கால்வைத்து எம்பி, கால்களில் தளைநார் மாட்டி, அறுபது எழுபது அடி ஏறி, மட்டைகளுக்கு நடுவே உடம்பைப் பொருத்திக்கொள்வார்கள். பருவத்தின் தொடக்க நாட்களில் கை முதலில் தேடுவது கடிப்பை. ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு மரத்துண்டுகள். பார்க்கப் பாக்குவெட்டியின் பெரிய அண்ணன் போலிருக்கும். ஆண்பனைக்கு ஒரு வகை, பெண்பனைக்கு வேறொரு வகை. இளம்பாளையை அதற்கு நடுவே கொடுத்துப் பதமாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். நசுங்கவும் கூடாது, அழுத்தம் படாமல் போகவும் கூடாது. சில நாள் இப்படி இடுக்கிய பிறகுதான் பாளையின் நுனியில் அரிவாள் படும். அதற்கப்புறம் தினம் காலையும் மாலையும் ஏடு போல ஒரு மெல்லிய சீவல். சுண்ணாம்பு தடவிய கலயத்துக்குள் பதனீர் சொட்டும். நன்றாகப் பழக்கிய பாளை வாரக்கணக்கில் சொட்டும்.

பதனீரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேல் சர்க்கரை இருக்கும். கனடாவில் மேப்பிள் மரத்தைத் துளைத்து எடுக்கும் சாற்றில் இருப்பது இரண்டு பங்குதான். அங்கே ஒரு லிட்டர் பாகு காய்ச்ச ஏறக்குறைய 40 லிட்டர் சாறு வேண்டும். இங்கே எட்டுப் பத்து லிட்டர் பதனீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி கையில் இருக்கும். வித்தியாசத்துக்குக் காரணம் குழாய். மேப்பிள் சாறு வருவது மரக்கட்டைக்குள் நீர் ஏறும் சைலத்திலிருந்து. பதனீர் வருவது இலைகள் வெயிலில் சமைத்த சர்க்கரையை மரம் முழுவதற்கும் எடுத்துப்போகும் புளோயத்திலிருந்து. இலங்கைப் பாடநூல்கள் அதை உரியம் என்கின்றன.

தாவரத்துக்குள் சர்க்கரை எந்த வழியாக, எந்த விசையில் போகிறது என்று ஐரோப்பாவில் தேடத் தொடங்கி 350 ஆண்டுகள் இருக்கும். அந்த வழியின் வாயைத் திறந்து வைத்து அதிலிருந்தே பிழைப்பு நடத்திய பனையேறியின் சரித்திரம் அதைவிட மிக நீளம். இரண்டு சரித்திரங்களும் நெடுங்காலம் ஒன்றையொன்று பார்க்காமலே நடந்தன.

பனையேறியின் பக்கத்தில் எழுத்துச் சான்று பெரும்பாலும் வரிக்கணக்காகவே கிடைக்கிறது. பல்லவர், சோழர் செப்பேடுகளில் ஈழம்பூட்சி என்று ஒரு வரி வருகிறது. கள் இறக்குவோர் மீது விழுந்தது அது. பிராமணர்களுக்கு விட்ட ஊர்களில் தென்னையும் பனையும் ஈழவர் ஏறக் கூடாது என்று நிபந்தனை போட்ட செப்பேடுகளும் உண்டு. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த, கொல்லத்தில் தேவாலயத்துக்கு அளித்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் ஏணிக்காணம் என்ற வரி பேசப்படுகிறது. மரம் ஏறும் ஏணிக்கே வரி. தேவாலய நிலத்தில் குடியேறிய ஈழவருக்கு அது தள்ளுபடி. மரத்தின் உச்சியில் என்ன நடக்கிறது என்று அரசர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. கீழே இறங்கும் கலயம் கண்ணில் பட்டால் போதும்.

இனி மறுபக்கம். 1670களில் போலோஞா நகரத்து மருத்துவர் மார்செல்லோ மால்பிகி மரத்தண்டில் ஒரு வளையம் அளவுக்குப் பட்டையை உரித்துப் பார்த்தார். கட்டை அப்படியே இருந்ததால் நீர் மேலே ஏறிக்கொண்டிருந்தது, இலை வாடவில்லை. ஆனால் நாளாக ஆக வளையத்துக்கு மேலே இருந்த பட்டை வீங்கியது. கீழே இருந்தது மெலிந்தது. மேலேயிருந்து இறங்கிவரும் ஏதோ ஒன்று வழி மறிக்கப்பட்டு அங்கே தேங்கியிருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். இந்த உத்தியைக் கொல்லைக்காரர்களும் காடு அழிப்பவர்களும் அறிவார்கள். பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து மரம் மெல்லச் சாகும்.

பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்குமேல் கழித்து, 1837இல், ஜெர்மனியின் வனவியலாளர் தியோடோர் ஹார்ட்டிக் பட்டையை நுண்ணோக்கியில் வைத்துச் சல்லடைக் குழாய்களைக் கண்டார். நீளவாக்கில் அடுக்கிய செல்கள். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே மாவு சலிக்கும் சல்லடை மாதிரி துளைபோட்ட தட்டு. 1860இல் அவரே இன்னொன்றையும் எழுதினார். பட்டையில் கத்தியால் ஒரு கீறு கீறினால் இனிப்பான சாறு கசிகிறது என்று. கீறினால் சாறு வரும் என்பது அங்கே ஆய்வுச் செய்தி.

அந்தச் சமயத்தில் தென்திருநெல்வேலித் தேரிக்காட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1841இல் இடையன்குடிக்கு வந்த ராபர்ட் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட புத்தகத்தில் பனையேற்றத் தொழிலை விவரித்தார். தொழிலைக் கவனித்த கண், தொழில் செய்தவர்களை இழிவாகப் பார்த்தது. அந்தச் சமூகத்திலிருந்து கடும் கண்டனம் எழுந்து பின்னாளில் அந்தப் புத்தகமே புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. மறு ஆண்டு, 1850இல், கொழும்பிலிருந்து வில்லியம் ஃபெர்குசன் பனையைப் பற்றித் தனி நூலே எழுதினார். பனைக்கு 801 பயன் சொல்லும் தாலவிலாசம் என்ற தமிழ் நூலை இன்றும் பலர் மேற்கோள் காட்டுவது ஃபெர்குசன் வழியாக வந்த பழக்கம். யாழ்ப்பாணத்தில் அதே சாறு கருப்பநீர். காய்ச்சி ஓலைக் குட்டானில் ஊற்றினால் பனங்கட்டி. கன்னியாகுமரிப் பக்கம் போனால் அக்கானி. இத்தனை பெயர் இருந்தும், அது மரத்தில் எங்கிருந்து வருகிறது என்று கேட்ட விஞ்ஞானி அப்போது இந்தக் கரையில் யாரும் இல்லை.

முதலாளிகளுக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரி கம்பெனி நிர்வாகத்தில் குலசேகரன்பட்டினத்தில் கருப்பட்டியைச் சுத்திகரித்து வெள்ளைச் சர்க்கரை எடுக்கும் ஆலை நடந்தது. அதற்கென்றே இரண்டடி அகலத் தண்டவாளத்தில் ஒரு குட்டி ரயில் ஓடியது. ஒருபுறம் திருச்செந்தூர், மறுபுறம் உடன்குடி வழியாகத் திசையன்விளை. 1940 வாக்கில் அது நின்றுபோனது. பாளை நுனியில் சொட்டுச் சொட்டாக விழுவதைச் சேர்த்து ஒரு ரயில் வண்டிக்கே சரக்கு கொடுக்க முடிந்தது என்றால், அந்தத் தேரியில் எத்தனை மரம், எத்தனை கால்கள் ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. ராக்கெட் ஏவுதளத்துக்காக இன்று செய்தியில் அடிபடுகிற குலசேகரன்பட்டினம் அதே ஊர்தான்.

பனையின் பக்கம் அறிவியல் திரும்பியது வேறொரு கரையில். 1897-98இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ் ஜாவாவுக்குப் போனார். பனைக் குடும்ப மரங்களில் சாறு வடிவது வேர் கீழிருந்து நீரைத் தள்ளுவதால்தான் என்று பலரும் நினைத்திருந்த காலம் அது. அவர் சோதித்துப் பார்த்ததில் அப்படித் தெரியவில்லை. பாளையை அடித்தும் அழுத்தியும் சீவியும் செய்கிற வேலைதான், அந்த இடத்திலேயே, ஒழுக்கைத் தூண்டுகிறது என்றார். டச்சு ஆய்வாளர் தம்மெஸ் 1933இல் தொடங்கிப் பல ஆண்டுகள் இதே விஷயத்தைத் துருவி, வடிவது சல்லடைக் குழாய்ச் சாறு என்ற முடிவைப் பலப்படுத்தினார்.

இடையில் ஒரு பெரிய கேள்வி தொங்கிக்கொண்டிருந்தது. வழி தெரிந்துவிட்டது, விசை எது? இதயம் இல்லாத உடம்பில் சர்க்கரைப் பாகை யார் தள்ளுவது?

1930இல் ஜெர்மனியின் தாரண்ட் நகர வனவியல் பேராசிரியர் எர்ன்ஸ்ட் மூன்க் ஒரு விடை சொன்னார். நம் வீட்டு ஊறுகாய்ச் சாடியை வைத்தே அதைப் புரிந்துகொள்ளலாம். உப்பில் போட்ட மாங்காய் நீர்விடும். செறிவு கூடிய பக்கம் நீரை இழுக்கும். இலையில் சல்லடைக் குழாய்க்குள் சர்க்கரை ஏற்றப்படுகிறது. பக்கத்திலேயே ஓடும் சைலத்திலிருந்து நீர் உள்ளே பாய்ந்து குழாய் புடைக்கிறது. வேரிலோ காயிலோ பாளையிலோ சர்க்கரை இறக்கப்படுகிறது. நீரும் வெளியேறி அங்கே குழாய் தளர்கிறது. புடைத்த பக்கத்திலிருந்து தளர்ந்த பக்கத்துக்கு மொத்தமும் ஓடுகிறது. அவ்வளவுதான். பல தாவரங்களில் அந்தப் புடைப்பு பத்து வளிமண்டல அழுத்தத்தைத் தொடும். கார் டயரில் அடிக்கும் காற்றைப்போல நாலைந்து மடங்கு. வேகம் சாதாரணமாக மணிக்கு ஒரு மீட்டர் வாக்கில். பாகு நடக்கிறது, ஓடவில்லை.

இதை வைத்துப் பனை உச்சியைப் பார்த்தால் பனையேறியின் இடம் தெளிவாகும். பாளை முளைப்பது மட்டையின் கக்கத்தில், சர்க்கரை செய்யும் இலைகளுக்கு மிக அருகில். பூவும் காயும் வளர அங்கே ஏற்கெனவே வேகமாகப் பாகு வந்துகொண்டிருக்கும். அந்தக் கடைவாயைச் சீவித் திறந்து வெளிக்காற்றின் அழுத்தத்தோடு இணைத்துவிடுகிறார் அவர். மரம் கலயத்தைத் தன் காய் என்று எடுத்துக்கொண்டு ஊட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. பனையேறியின் கைவேலை முழுவதும் அந்தச் சிக்கலில்தான் இருக்கிறது. இவ்வளவு அழுத்தத்தில் பாகு ஓடும் குழாயில் காயம் பட்டால் செடி சும்மா இருக்காது. அழுத்தம் சட்டென்று விழுந்ததும் சல்லடைத் துளைகளைக் காலோஸ் என்ற பொருளும் புரதக் கட்டிகளும் அடைத்துக்கொள்ளும். நமக்கு ரத்தம் உறைவது மாதிரி. பெரும்பாலான செடிகளில் கத்தி பட்ட சில நிமிடங்களில் ஒழுக்கு நின்றுவிடும். ஆய்வகங்களை நூறாண்டு சோர்வடையச் செய்தது இந்தத் தற்காப்புதான். சாற்றை எடுக்கப்போனால் எடுக்க விடாது.

ஐரோப்பிய அறிவியலுக்கு வழி காட்டியது ஒரு பூச்சி. அவரைக்கொடியில் அப்பியிருக்கும் அசுவினியைப் பார்க்காத விவசாயி இல்லை. அது கழிக்கும் இனிப்புத் துளிக்கு எறும்பு வரிசை கட்டும். தலைமயிரைவிட மெல்லிய தன் வாயூசியை அது செல்களுக்கு நடுவே நுழைத்து ஒரே ஒரு சல்லடைக் குழாயில் இறக்கும். குழாய் அடைத்துக்கொள்வதில்லை, உள் அழுத்தமே பாகைப் பூச்சியின் வாய்க்குள் தள்ளிவிடும். 1953இல் கென்னடி, மிட்லர் என்ற இருவர் அப்படிக் குடித்துக்கொண்டிருந்த பூச்சியை மயக்கி, உடலை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு ஊசியை அங்கேயே விட்டார்கள். பூச்சி இல்லாமலே ஊசி நுனியில் சொட்டு தொடர்ந்தது. கலப்பில்லாத சல்லடைக் குழாய்ச் சாறு முதன்முதலாக மணிக்கணக்கில் கைக்குக் கிடைத்தது.

அசுவினி ஊசியால் சாதித்ததைப் பனையேறி கடிப்பால் சாதித்துவந்தார். இதற்கு ஆய்வக உலகத்தில் ஒரு சாட்சியும் உண்டு. 1970இல் ஜான் மில்பர்ன் என்ற ஆய்வாளர் ஆமணக்குத் தண்டை வைத்து வேலை செய்தபோது, வெட்டுவதற்கு முன்னால் பட்டையைக் கையால் நீவிப் பிசைந்து வந்தால் வெட்டுவாயில் சாறு தாராளமாக வடிவதைக் கண்டார். ஆய்வுக்கட்டுரையின் தலைப்பிலேயே அந்தப் பிசைதலைக் குறிப்பிட்டார். பின்னர், 1977இல், ஹார்வர்டின் மார்ட்டின் சிம்மர்மனோடு சேர்ந்து தென்னையில் சாறு ஓடுவதைப் பற்றியும் எழுதினார். நாள்கணக்கில் மெல்ல அழுத்திப் பழக்கினால் குழாய் காயத்துக்கு அஞ்சி அடைத்துக்கொள்வது குறைகிறது. தினசரிச் சீவலோ அடைபட்ட நுனியை அகற்றிப் புதுவாயைத் திறக்கிறது. தடித்துச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். சீவாமல் விட்டால் அடைத்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஒரு ஆசை வரும்: முன்னோருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று மார்தட்டிக்கொள்ள. அது பனையேறிக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவருக்குச் சல்லடைத் தட்டும் தெரியாது, காலோஸும் தெரியாது. எந்தப் பாளை எத்தனை நாள் இடுக்கினால் பழகும், எவ்வளவு மெல்லிசாகச் சீவினால் எத்தனை நாள் தாங்கும் என்பது தெரியும். தலைமுறை தலைமுறையாகக் கையில் ஏறிய அந்த அறிவுக்கு நுண்ணோக்கியின் நற்சான்று தேவையில்லை.

நுண்ணோக்கி பனையில் கண்ட அதிசயம் வேறு. மால்பிகி உரித்த மாதிரிப் பட்டை பனைக்குக் கிடையாது. புளோயமும் சைலமும் சேர்ந்த நாரிழைகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும். வேம்பும் புளியும் ஆண்டுக்காண்டு புதுப் பட்டை போர்த்திக்கொள்வது போலப் பனையால் முடியாது. முளைத்து உயரும்போது அமைந்த குழாய்கள்தான் கடைசிவரை. சல்லடைக் குழாய்ச் செல்லுக்கு உட்கருவே கிடையாது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் துணைச்செல் அதை உயிரோடு வைத்திருக்கிறது. அப்படியானால் எண்பது வயதுப் பனையின் அடித்தண்டில் எண்பது வயதுக் குழாய்கள் இன்னும் உயிரோடு பாகை வேருக்கு இறக்கிக்கொண்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் பி. பி. டாம்லின்சனோடு 1967இல் பனைக்குடும்பத் தண்டுகளின் புளோயத்தை ஆராய்ந்தவர் எம். வி. பார்த்தசாரதி, 1974இல் அவரே எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அதன் உள்கட்டமைப்பைத் தொடர்கட்டுரைகளாக வெளியிட்டார். மனித உடம்பில் நரம்புச் செல்களைத் தவிர இப்படி ஆயுசு முழுவதும் தாக்குப்பிடிப்பவை கொஞ்சம்தான்.

மூன்க் சொன்னது சரிதானா என்ற வழக்கும் எளிதில் முடியவில்லை. இவ்வளவு குறுகலான துளைகள் வழியாக உயரமான தாவரத்தில் அந்த அழுத்தம் போதுமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். 2016இல் மைக்கேல் நோப்லாக் குழுவினர் ஏழரை மீட்டர் நீளத்துக்கு வளர்த்த காலைமலர்க் கொடியில் நேரடியாக அளந்து காட்டினார்கள். கொடி நீள நீள குழாயின் அழுத்தமும் கூடுகிறது, குழாய் இன்னும் தாராளமாக வழிவிடுகிறது. மூன்க் பக்கமே தீர்ப்பு சாய்ந்தது.

இங்கே அந்தச் சாற்றை வழக்குமன்றம்வரை இழுத்தது ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அது பதனீர். தடவாவிட்டால் காற்றிலிருக்கும் ஈஸ்ட் இறங்கிச் சில மணி நேரத்தில் கள். 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோதும், 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவியபோதும், சட்டத்தின் பார்வை மரத்தைவிட்டுக் கலயத்தின் உள்சுவர்மீது விழுந்தது. கள்ளுக்குப் பதில் வெல்லம் என்று காந்தியர்கள் இறங்கினார்கள். கஜானன் நாயக் அந்த வேலையில் ஆயுளைக் கழித்தவர். 1987இலிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை நீடிக்கிறது. பாளை, இலை, சர்க்கரை எல்லாம் ஒன்றே. சுண்ணாம்பு மட்டும் குற்றத்துக்கும் தொழிலுக்கும் கோடு கிழிக்கிறது.

கோட்டின் இந்தப் பக்கத்து வேலை விடிலியில் நடக்கும். பனையோலை வேய்ந்த கொட்டகை, தரையோடு தரையாக அடுப்பு, எரிக்க மட்டையும் சில்லாட்டையும். காலையில் இறங்கிய பதனீரை உச்சிக்குள் காய்ச்சியாக வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்களின் பொறுப்பு. நுரை பொங்கி வழியும் நேரத்தில் ஓர் ஆமணக்கு விதையைத் தட்டிப் போடுவார்கள், நுரை அடங்கும். மில்பர்னின் ஆய்வகச் செடியும் இதுவேதான் என்பது எழுதிவைத்ததுபோல் அமைந்த பொருத்தம். பாகு கெட்டிப்பட்டுக் கூப்பனியாகி, துடுப்பைத் தூக்கினால் கம்பியாக இழுக்கும் பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றுவார்கள். இலையிலிருந்து பாளைக்கு மணிக்கு ஒரு மீட்டர் கணக்கில் நடந்துவந்த சர்க்கரை அங்கே உறைந்து உட்காரும். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

1978இல் பனை மாநில மரமானது. அதன்பிறகும் செங்கல் சூளைகளுக்கு லாரி லாரியாகப் போனது. 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில்தான் ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அறிவித்தார்கள். மரம் காப்பாற்றப்படலாம், ஏற ஆள் எங்கே என்பது தேரியில் இன்று எல்லோரும் கேட்கும் கேள்வி. விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள் இல்லாத பனையேறிக் குடும்பம் குறைவு. பிள்ளைகள் தளைநாரைத் தொடக் கூடாது என்று நினைக்கும் அப்பன்மாரைக் குறை சொல்லவும் முடியாது.

ஆடி, ஆவணியில் கடைசிக் கலயம் இறங்கும். அரிவாள் படாத பாளையில் ஒழுக்கு முதலில் மெலியும். பிறகு துளைகள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொள்ளும், வெட்டுவாய் கறுத்துக் காயும். அடுத்த பருவம்வரை அந்த இலைகள் சமைப்பதெல்லாம் மரத்துக்கே.